கரைவலைக் கயிறு அளக்கும் கடல்

ஆண்டுதோறும் பருவக்காற்று மாறும் மாதங்களில், தமிழகக் கடற்கரையின் ஏதாவது ஒரு குப்பத்தில் வீடுகளைக் கடல் அரித்துக்கொண்டு போன செய்தி வருகிறது. கடலுக்குள் கல்லடுக்கிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு மக்கள் மறியல் செய்யும் படமும் கூடவே வருகிறது. கரையோரத் தண்ணீர் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது, மணலை எங்கிருந்து எடுத்து எங்கே போடுகிறது என்ற கேள்வி அந்தச் செய்திகளில் இடம்பெறுவதில்லை. ஆனால் அந்த ஓட்டத்தை நாள்தோறும் தன் உடம்பால் அளக்கும் ஒரு தொழில் நம் கரையில் இன்னும் இருக்கிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைவலை இழுப்பவர்களின் வேலையைப் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: கடலோரத் திட்டம் எதுவானாலும், அதற்கான நீரோட்ட ஆய்வில் இவர்கள் அறிந்ததைச் சான்றாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குரிய கூலியையும் கொடுக்க வேண்டும்.

கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் ஒரு கூட்டம் பிடித்துக்கொள்கிறது. படகு கயிற்றை விட்டுக்கொண்டே கடலுக்குள் போய், வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறுநுனியோடு சற்றுத் தள்ளிக் கரையேறுகிறது. இரண்டு பக்கமும் இழுக்க இழுக்க நடுவிலுள்ள மடி கரையை நெருங்குகிறது. வலை கட்டுவதையும் பொத்துவதையும் பற்றி எழுத நிறைய உண்டு. இங்கே எனக்கு வேண்டியது கயிறு மட்டும். இழுப்பவர்கள் இடுப்பில் கட்டிய சிறு கயிற்றைப் பெரிய கயிற்றில் மாட்டி, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடக்கிறார்கள். கடைசியில் இருப்பவர் மாட்டியதைக் கழற்றிக்கொண்டு தண்ணீர் விளிம்புக்கு வந்து மறுபடி முதல் ஆளாக மாட்டிக்கொள்கிறார். தண்ணீர் வடக்கே ஓடினால் வலையும் வடக்கே தள்ளப்படும், இரண்டு கூட்டமும் இழுத்தபடியே வடக்கே நகர்ந்தாக வேண்டும். அலைவிளிம்பில் நிற்கும் பெரியவர் இழுப்பதில்லை. அவர் கண் மடிக்கு மேலே மிதக்கும் பிளாஸ்டிக் கேனில் இருக்கிறது, உள்ளங்கை கயிற்றின் மேல் இருக்கிறது. கேன் ஒரு பக்கம் ஒதுங்க, கயிறு வேறு பக்கம் இழுத்தால், மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் வெவ்வேறாக ஓடுகின்றன என்று பொருள். எந்தக் கூட்டம் விரைந்து இழுக்க வேண்டும், எது தளர்த்த வேண்டும் என்பதை அவர் கையசைவு முடிவு செய்கிறது. அவர் கணக்குத் தப்பினால் மடி புரண்டு மீன் வெளியேறிவிடும், அத்தனை பேரின் அன்றைய பங்கும் போய்விடும்.

இந்த அறிவு எவ்வளவு நுட்பமானது என்பதற்குக் கடலியலே சாட்சி. சென்னைக் கரையில் தெற்கிலிருந்து வரும் ஓட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்பவை காற்றுகள். காற்றை வைத்து மட்டும் தண்ணீரைச் சொல்லிவிட முடியாது என்பது இவர்களுக்கு அனுபவப் பாடம். இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கு நோக்கி வலுவாக ஓடுகிறது, நவம்பர் வாக்கில் தெற்கு நோக்கி ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் முன்பே, காற்று மெலிந்திருக்கும் காலத்தில், ஓட்டம் இவ்வளவு வலுப்பது எப்படி? வங்காள விரிகுடாவின் நடுப்பகுதியில் வீசும் காற்றுக்கும், நிலநடுக்கோட்டுப் பகுதியிலிருந்து கரையைத் தழுவி வரும் நெடிய அலைகளுக்கும் இதில் பங்குண்டு என்பதை 1990களில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வுகள் விளக்கின. கரையை ஒட்டி, அலை உடையும் இடத்தில் ஓடுவது இன்னொரு தண்ணீர். அது அலைகள் கரையைச் சாய்வாக மோதுவதால் பிறப்பது. மணலைச் சுமப்பது பெரும்பாலும் இதுதான். ஆண்டின் பெரும்பகுதி அது வடக்கே சுமக்கிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திருப்புகிறது. கரைவலைக் கயிறு இழுபடுவது இந்த இடத்தில்தான்.

கடலோடிகளின் அறிவு அறிவியலுக்குள் நுழைவது இது முதல் முறையும் ஆகாது. இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து நியூயார்க் போகும் தபால் கப்பல்கள், சரக்குக் கப்பல்களைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் பிந்துவது ஏன் என்று, அப்போது குடியேற்ற நாடுகளின் தபால் துறையைக் கவனித்துவந்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1760களின் இறுதியில் விசாரித்தார். விடை சொன்னவர் அவருடைய உறவினர், நான்டக்கெட் தீவின் கப்பல் தலைவர் திமோதி ஃபோல்ஜர். திமிங்கலம் பிடிப்பவர்கள் வளைகுடா நீரோட்டத்தின் ஓரம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருந்தார்கள்; அதை எதிர்த்துத் திணறிய தபால் கப்பல்களுக்கு நடுக்கடலிலேயே எடுத்தும் சொன்னார்கள். கேட்பாரில்லை. ஃபோல்ஜர் வரைந்து கொடுத்ததைப் பிராங்க்ளின் படமாக அச்சிட்டார். அந்த அறிவு பல காலமாக இருந்ததுதான், அதை எழுதி வைக்க ஒருவர் வரும்வரை காத்திருந்தது.

‘இப்போது கருவிகள் இருக்கின்றனவே, கயிற்றுக்கு என்ன வேலை?’ என்று கேட்கலாம். கருவிகளை நான் மதிக்கிறேன். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கல்பாக்கத்திலும் கடலூரிலும் நிறுவிய ரேடார்கள், கரையிலிருந்தபடியே வெகுதொலைவு வரை மேற்பரப்பு ஓட்டத்தைக் காட்டுகின்றன. கடலடியில் வைக்கும் ஒலிக்கருவி, நீரில் மிதந்துபோகும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தை வைத்து ஒவ்வோர் ஆழத்திலும் ஓட்டத்தின் வேகத்தைக் கணிக்கிறது. ஆனால் அந்த ரேடார் பல கிலோமீட்டர் பரப்பைச் சராசரியாக்கிப் பார்ப்பது, அலை உடையும் ஒடுங்கிய பட்டை அதற்குப் பிடிபடாது. ஒலிக்கருவியை எல்லாக் குப்பத்திலும் எல்லா மாதமும் வைத்திருக்கப் பணம் இல்லை. கயிற்றில் எண் இல்லை என்பது உண்மையான ஆட்சேபணை. அதற்கும் வழியுண்டு. இழுப்பு தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் ஒரு குச்சி நட்டு, இடைத்தூரத்தையும் நேரத்தையும் குறித்தால் வலை நகர்ந்த வேகம் கிடைக்கும். கயிறும் தரையும் பிடித்திழுப்பதால் அது தண்ணீரின் வேகத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரே இடத்தில் சில மாதங்கள் ஒலிக்கருவியையும் வைத்து ஒப்பிட்டால் அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடலாம். பருவநிலை மாறுவதால் பழைய அறிவு பொய்த்துவிட்டதே என்பவர்களுக்கும் இதுவே பதில்: பெரியவர் படிப்பது நேற்றைய நினைவையும் இன்றைய கயிற்றையும் சேர்த்து. மாற்றம் முதலில் தெரிவது அவர் கைக்குத்தான்.

‘மீனவர்கள் தங்கள் நலன் கருதித்தானே பேசுவார்கள்’ என்பது அடுத்த ஆட்சேபணை. நலன் இல்லாத தரப்பு எது? துறைமுகம் கட்ட விரும்புகிறவரே சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கும் ஆலோசகரை அமர்த்திப் பணம் கொடுப்பது நம் நாட்டு நடைமுறை. பல திட்டங்களுக்கு, மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தின் அளவீடு போதும் என்று ஏற்கப்படுகிறது. ஆண்டுக்கு இருமுறை திரும்பும் தண்ணீரை ஒரு பருவத்தில் அளந்து முடிவு சொல்வது அறிவியல் ஆகுமா? அளக்க வருகிறவர்கள் அமர்த்துவது குப்பத்துப் படகை. எங்கே பள்ளம், எங்கே திட்டு என்று கேட்பது குப்பத்து ஆளிடம். அவருக்குக் கிடைப்பது படகு வாடகை. அவர் சொன்னது அறிக்கையில் வேறொருவர் பெயரில் விலைபோகிறது. மீன் விஷயத்திலும் இதே கதைதான். முன்பணம் கொடுத்த வியாபாரி ஏலத்தைத் தன் கையில் வைத்துக்கொள்கிறார். அவர் கமிஷனும் வலைக்காரர் பங்கும் போன மிச்சமே இழுத்தவர்களுக்கு. மீனில் ஒரு தரகர், அறிவில் ஒரு தரகர் என்று இரண்டு பேரைச் சுமக்கும் தொழிலுக்குப் பிள்ளைகள் வரவில்லை என்று வருத்தப்பட நமக்கு உரிமையில்லை.

தண்ணீரைக் கேட்காமல் கட்டியதன் விளைவு கண்முன் கிடக்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபின் வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்தது. 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத் தடுப்புச் சுவர்களுக்குப் பின் புதுச்சேரி நகரம் தன் மணற்கரையை இழந்து பாறைகளை அடுக்கியது. மீனவர்களே தூண்டில் வளைவு கேட்கிறார்களே என்றால், ஆமாம், கேட்கிறார்கள். பக்கத்து ஊரில் போட்ட கல் தன் ஊர் மணலை மறித்துவிட்டபின் அவர்களுக்கு வேறு வழியில்லை. கல் வந்த கரையில் வலையோடு நடக்கத் தொடர்ச்சியான மணல் இருக்காது, மடி பாறையில் மாட்டிக் கிழியும். கரைவலை நின்றுபோகும், அந்தத் தண்ணீரைப் படித்த கண்ணும் அதோடு போகும்.

கடலோர மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துறைமுகத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், போய் மூன்று கேள்வி கேளுங்கள்: நீரோட்டத்தை எந்த மாதங்களில் அளந்தீர்கள், எந்த ஆழத்தில் அளந்தீர்கள், அந்தக் கரையில் வலை இழுப்பவர்கள் சொன்னது அறிக்கையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பேசியவற்றின் சுருக்கத்தைக் கூட்டம் முடியும்போது உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. அதைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.