காத்திருக்கும் இடம்

தீபாவளிக்கு முந்திய இரவில் கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் புறப்படும் கூட்டத்தைக் கண்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். கடைச் சிப்பந்திகளும் வீட்டு வேலைக்குப் போன பெண்களுமே அதில் பெரும்பாலோர். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அக்கூட்டத்தில் நின்றோம். பஸ் தரிப்பிடமொன்றின் சிமெந்துத் தரையில், தாய்க்கு வாங்கிய சேலைப் பொதியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த இளைஞன் ஒருவன் நம்மைக் கண்டதும் துள்ளி எழுந்தான். ஹாலிஎலையில் நம்மிடம் பத்தாம் வகுப்புவரை படித்தவன். தான் விரித்திருந்த செய்தித்தாளில் பாதியைக் கிழித்துப் போட்டு, "உட்காருங்க சேர்" என்றான்.

நம் மாணவனுக்கு நாம் ஓர் ஆசனம் தேடித் தரவில்லை. அவன்தான் நமக்குத் தந்தான். அருகில், பண்டாரவளை பஸ் எதுவென்று ஒரு மூதாட்டி நான்கு பேரிடம் கேட்டுவிட்டாள். பெயர்ப்பலகையில் தமிழ் இல்லை. ஒதுங்க இடமின்றிப் பெண்கள் விடியும்வரை தண்ணீர்கூட அருந்தாமல் இருந்தனர்.

1964இல் திறக்கப்பட்ட கொழும்பு மத்திய பஸ் நிலையத்தைப் புனரமைக்கும் பணி 2025 ஆகஸ்டில் தொடங்கியது. கண்டிப் புகையிரத நிலையத்தை அடுத்த 'குட்ஷெட்' பகுதியில், பஸ்ஸையும் புகையிரதத்தையும் ஒன்றிணைக்கும் பெரும் முனையம் ஒன்றுக்கு உலக வங்கியின் உதவியுடன் திட்டமிடப்பட்டது. இவற்றை வரவேற்கிறோம். பழைய அழுக்கைப் போற்றுவது முற்போக்கு ஆகாது.

ஆனால், யாருக்காக இந்தக் கட்டடங்கள் என்று கேட்க மலையகத்தாருக்குக் காரணம் உண்டு. 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதம் பதுளையை எட்டியது 1924இல். கோப்பியும் பின்னர் தேயிலையும் துறைமுகம் போய்ச் சேரவே அப்பாதை மலையேறியது. கொழுந்து பறித்தவர்களின் வசதி அன்றைய கணக்கில் இல்லை.

நகரம் புதிதாகும்போது அதன் நிழலில் பிழைப்போரையும் எண்ணவேண்டும். புறக்கோட்டையிலிருந்த மெனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போயிற்று. சந்தை பெயர்ந்தால் மூட்டையும் பெயரும். மூட்டை சுமக்கும் நாட்டாமையின் தோளும் அதன் பின்னே போகவேண்டும். நடைபாதையில் கடலை விற்பவளுக்கும் தேநீர்க் கடைச் சிறுவனுக்கும் புதிய வரைபடத்தில் ஒரு சதுர அடியாவது குறிக்கப்படுகிறதா?

நாம் கேட்பவை பெரியன அல்ல. இரவு முழுவதும் திறந்திருக்கும் மண்டபம்; பெண்கள் அச்சமின்றிச் செல்லக்கூடிய, கட்டணமில்லாத கழிப்பறை; 1987 முதல் அரச கரும மொழியான தமிழில் பலகையும் அறிவிப்பும்; பண்டிகைக் காலத்தில் போதிய பஸ்கள்; ஹாலிஎலைச் சந்தியில் இறங்குபவன் தன் லயம்வரை இருளில் மலையேறாதிருக்க ஒரு தோட்டத்து பஸ்.

பளிங்குத் தரையையும் மின்தூக்கியையும் பார்த்து ஒரு நிலையத்தை நாம் மதிப்பிடமாட்டோம். அடுத்த தீபாவளிக்கு முந்திய இரவில் அங்கே செல்வோம். நம் மாணவர்கள் செய்தித்தாளை விரித்துப் படுக்காமல், ஆசனத்தில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தால் அந்த நிலையம் கட்டப்பட்டுவிட்டது என்று ஒப்புக்கொள்வோம்.