டயல் கடைசி வேலை

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் ஸ்கோப்பை நான் பார்க்கவில்லை. கட்டையின் முன்பகுதியில் இருபக்கமும் இருக்கும் திருகாணிகளில் ஆலன் கீயை விட்டுத் திருப்பினேன். இரண்டுமே தளர்ந்திருந்தன. வலப்பக்கத்தது அரைச் சுற்று தானாகவே ஓடியது.

“ஸ்கோப்புதான் போயிருச்சு அண்ணாச்சி. எவ்வளவு திருப்புனாலும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. வேற வாங்கிரலாமான்னு பாக்கேன்” என்றார் தம்பி.

ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவு இல்லத்தைத் தாண்டி, ஊருக்கு வெளியே இருக்கிறது அவருடைய கரிசல் காடு. உளுந்து எடுத்து முடிந்து வெறுமையாகக் கிடந்தது. வேம்பு நிழலில் ஒரு மேசை. 10 மீட்டர் தள்ளி, பழந்துணி திணித்த அட்டைப்பெட்டியில் ஒட்டிய தாள். அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மண் குவித்திருந்தார். அந்த மண்மேட்டைப் பார்த்ததும் அவர்மேல் மதிப்பு வந்தது. தாளில்தான் துளைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. 10 மீட்டரில் அது மிக அதிகம்.

தம்பியுடையது ஸ்பிரிங்கில் இயங்கும் காற்றுத் துப்பாக்கி. ஸ்பிரிங் துப்பாக்கியின் குணத்தை அறியாமல் அதன் குறியைச் சரிசெய்ய முடியாது. விசையை இழுத்ததும், சுருங்கியிருந்த ஸ்பிரிங் விரிந்து கனமான பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. அப்போது துப்பாக்கி பின்னால் நகரும். பிஸ்டன் முன்னே போய், தானே அழுத்திய காற்றில் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்பக்கமாக வெடுக்கென்று இழுக்கும். இத்தனை ஆட்டமும், அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு குழலை விட்டுப் போவதற்குள் தொடங்கிவிடுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டுமே உதைக்கும். அதற்கென்று செய்த நல்ல ஸ்கோப்கூட இந்த முன்னிழுப்பில் கண்ணாடி தளர்ந்து, குறுக்குக் கம்பி அறுந்து கெட்டுப்போகும். தம்பியிடம் இருந்த ஸ்கோப் ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்றே செய்தது. எனவே சந்தேகம், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட் பக்கம் போனது.

மவுண்ட்டைக் கழற்றினேன். அடியில் இருந்த 11 மில்லிமீட்டர் பள்ளத் தண்டவாளத்தில் பின்னோக்கி இழுபட்ட கீறல் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு சுடுதலுக்கும் மவுண்ட் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் வழுக்கியிருக்கிறது. அதைத் தடுக்கத்தான் மவுண்ட்டின் அடியில் ஒரு முளையும், தண்டவாளத்தில் அது இறங்க ஒரு குழியும் உண்டு. முளை குழிக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, முளையைக் குழிக்குள் இறக்கி, ஸ்கோப்பைத் திரும்ப வைத்தோம். வளையத்தின் திருகாணிகளை ஒரே பக்கமாக முடுக்கிவிடக் கூடாது. குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். வெறி கொண்டு முடுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும்.

அடுத்தது மேல்–கீழ் டயல். மேலேற்றும் பக்கம் ஏறக்குறைய கடைசிவரை திருப்பி வைத்திருந்தார். குழலை மடக்கிக் குண்டு போடும் துப்பாக்கிகள் பலவற்றில் குழல் சற்றே கீழ்நோக்கிப் பூட்டிக்கொள்ளும். குண்டு தாழ்ந்து விழும், டயலை ஏற்றிக்கொண்டே போவோம். டயலின் எல்லை நெருங்கும்போது ஸ்கோப்பின் உள்ளே கண்ணாடிக் கூட்டைத் தாங்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் குறி ஒவ்வொரு பக்கம் போகும். பல நல்ல ஸ்கோப்புகள் இந்தக் காரணத்தால்தான் கெட்டுப்போனதாகத் தூக்கி எறியப்படுகின்றன; எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. டயலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எண்ணித் திருப்பி, சரிபாதியில் நிறுத்தினேன். பின் வளையத்தின் அடியில் பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய ஒரு துண்டை வைத்தோம். ஸ்கோப்பின் பின்பக்கம் உயர்ந்ததால் டயலுக்கு அந்தப் பாரம் குறைந்தது.

குழலை மடக்கும் கீலில் பக்கவாட்டு ஆட்டம் இல்லை. திருவிழாப் பலூன் கடைத் துப்பாக்கியில் குழலை வளைத்து வைத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நாள் முழுக்க மடக்கித் திறக்கும் கீல் தேய்ந்தாலே குண்டு விலகும், வளைக்கவே வேண்டாம்.

தம்பி சுடும் விதத்தைப் பார்த்தேன். குழலை மேசை விளிம்பில் வைத்து, கட்டையைத் தோளில் இறுக்கி அழுத்திப் பிடித்தார். கெட்டியான பரப்பில் வைத்தால் துப்பாக்கி துள்ளும், இறுக்கிப் பிடித்தால் பிடி ஒவ்வொரு முறையும் மாறும். புதியம்புத்தூர் ரெடிமேட் பட்டறை வெட்டுத்துணியில் தைத்த மணல்பை ஒன்று வீட்டில் இருந்தது. பைமேல் இடது உள்ளங்கை, அதன்மேல் கட்டை. தோளில் சும்மா தொட்டுக்கொண்டு இருக்கட்டும், அது ஆடுகிறபடி ஆடட்டும் என்றேன். கன்னம் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படிய வேண்டும். ஸ்கோப்பின் முன்னால் தூரத்தைச் சரிசெய்யும் வளையம் 100 கஜத்தில் நின்றது. அதை 10 மீட்டருக்குத் திருப்பினோம். இல்லையென்றால் கண் அசையும்போது குறுக்குக் கம்பியும் இலக்கின்மேல் அசையும். டப்பாவில், பாவாடைபோல் விரிந்த பின்விளிம்பு நசுங்கிய குண்டுகளையும் பொறுக்கி ஒதுக்கினோம்.

அதன் பிறகு விழுந்த குண்டுகள் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் இடப்பக்கம் விலகியிருந்தன, ஆனால் கூட்டமாக இருந்தன. இப்போதுதான் டயலைத் தொட அனுமதித்தேன். 100 கஜத்துக்குக் கால் அங்குலம் என்று எழுதியிருக்கும் ஒரு ‘கிளிக்’, 10 மீட்டரில் 0.7 மில்லிமீட்டர்தான் நகர்த்தும். எனவே 43 கிளிக் வலப்பக்கம். ஒன்றிரண்டு திருப்பிவிட்டு “அசையவே இல்லை” என்று பலர் சோர்ந்துபோவது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் இதே 10 மீட்டரில்தான். அங்கே பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. அந்த ரைபிள்களில் ஸ்கோப் கிடையாது. அடைத்த காற்றில் இயங்குவதால் இந்த உதறலும் இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கியில் நாணய அளவுக்குக் கூட்டம் சேர்ப்பதை நான் குறைவாக நினைக்க மாட்டேன்.

“பக்கத்துக் காட்டுக்காரர் மயிலு தொந்தரவுக்குக் கேக்கார் அண்ணாச்சி” என்றார்.

“வேண்டாம் தம்பி.” 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் மயிலை உயர்ந்த பாதுகாப்பில் வைத்திருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அது உயிரைச் சுடத் தந்த அனுமதி இல்லை. தாளைத் தவிர வேறெதையும் குறிபார்ப்பதில்லை என்று அவரிடம் உறுதி வாங்கிக்கொண்டேன்.

ஒரு டப்பா குண்டு தீர்வதற்குள் கட்டைத் திருகாணிகளைத் திரும்பச் சோதிக்கச் சொன்னேன். 20 மீட்டருக்குத் தாளைத் தள்ளி வைக்க அவருக்கு ஆசை. காலையில், காற்று எழும்பும் முன் வைத்துச் சுடுங்கள், டயலைத் தொடாமல் குண்டு எங்கே விழுகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள் என்றேன்.