கேட்காமல் விட்ட பத்து நிமிஷம்

அந்தப் பையன் எனக்கு எதுவுமே சொல்லிக் கொடுக்கவில்லை என்று வாடகைக் கார் கம்பெனியில் நான் சொன்னது பொய். அவன் சொல்லத்தான் வந்தான். நான்தான் கேட்கவில்லை. இந்த இரண்டு வரியை எழுத எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

போன நவம்பரில் திருவண்ணாமலையில் அக்கா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் பழைய கார் கிளட்ச் வேலைக்காக ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அம்மாவுக்கு 79 வயது. முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது, பஸ் பயணம் ஆகாது. மின்சாரக் கார் என்றால் அதிராமல் போகும், பாட்டிக்கு நல்லது என்று மகள்தான் போனிலேயே ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தாள். டெபாசிட் 5,000 ரூபாய்.

விடியற்காலை ஐந்தரைக்கு சேலையூரில் எங்கள் வீட்டு வாசலுக்கே காரைக் கொண்டுவந்து நிறுத்தினான் அந்தப் பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். பச்சை நம்பர் பலகை, மஞ்சள் எழுத்து. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து நடுவிலிருந்த பெரிய திரையைத் துடைத்தான். பிறகு கதவோரமாகத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தான். நான் சீட்டில் உட்கார்ந்தால் திரையைக் காட்டிச் சொல்ல அதுதான் வாகான இடம் என்று அவனுக்குப் பழகியிருந்தது.

"சார், ஒரு பத்து நிமிஷம் உக்காந்தீங்கன்னா எல்லாத்தையும் காட்டிடறேன். இதுல பட்டன் கம்மி. எல்லாம் திரையிலதான்."

"தம்பி, நான் 30 வருஷமா வண்டி ஓட்டறேன். சாவியக் குடு."

அவன் எழுந்தான். முகம் மாறவில்லை, இப்படிப் பலரைப் பார்த்திருப்பான் போல. "ஏதாவது சந்தேகம்னா கூப்பிடுங்க சார்" என்று ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தான். அதை வாங்கி, பார்க்காமலே பர்ஸில் வைத்தேன்.

அவசரத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவசரம் எதுவும் இல்லை. நிச்சயதார்த்தம் சாயங்காலம்தான். அம்மாவும் மனைவியும் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில், என் மகளைவிடச் சின்னவன் ஒருவன் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

நான் பாலிடெக்னிக்கில் 26 வருஷமாக மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன். லேத் முன்னால் நிற்கும் மாணவன், நான் சொல்லி முடிப்பதற்குள் சுவிட்சில் கை வைத்தால் அன்றைக்கு அவனுக்கு ஒர்க்‌ஷாப் கிடையாது, வெளியே நிற்க வேண்டியதுதான். எத்தனையோ பேரை அப்படி நிறுத்தியிருக்கிறேன். தெரியாத இயந்திரத்தைத் தெரிந்ததாக நினைத்துத் தொடாதே என்று ஒவ்வொரு ஜூனிலும் புது வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன்.

கார் நன்றாகவே ஓடியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் வேகம் குறைந்தது. மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓடும் வேகத்தைத் திரும்ப பேட்டரிக்கு அனுப்புகிறது என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அந்த இழுப்பைக் கூட்டவோ குறைக்கவோ திரையில் ஒரு இடம் இருக்கிறது என்பதுதான் தெரியாது. தாம்பரம் தாண்டுவதற்குள் அம்மாவின் தலை நாலைந்து முறை முன்னால் வந்து போயிற்று. "மெதுவாப் போப்பா" என்றாள். அப்போதாவது ஓரமாக நிறுத்தி அந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கலாம்.

செங்கல்பட்டு தாண்டி நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனேன். புறப்படும்போது 268 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டிய எண், நாங்கள் கடந்த தூரத்தைவிட வேகமாக இறங்கிக்கொண்டே வந்தது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எண்பதுக்கு இறங்கியிருந்தால் போதும். அதைச் செய்யாமல் திண்டிவனத்தில் ஏசியை அணைத்தேன். ஓடும் காருக்குத் தேவைப்படும் சக்தியில் ஏசி இழுப்பது சின்னப் பங்குதான் என்பதும் நான் அறிந்ததே. ஆனால் இறங்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிச் சாலையில் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை ஏற்றினோம். மூன்று பேரின் மூச்சு உள்ளே, மழையில் குளிர்ந்த கண்ணாடி வெளியே, ஈரத்தை உலர்த்தும் ஏசி அணைந்து கிடக்கிறது. இரண்டு மூன்று நிமிஷத்தில் முன் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆவி படிந்துவிட்டது. வைப்பர் வெளியே வேகமாக அடிக்கிறது; உள்ளே படிந்ததை அது என்ன செய்யும்? என் மனைவி அம்மாவின் துண்டை வாங்கி எட்டித் துடைத்தாள். துடைத்த இடம் அடுத்த நொடியே மங்கியது.

என் பழைய காரில் இதற்கு ஒரு குமிழ் உண்டு. இடது கை தானாகப் போய்த் திருகும். மூன்று முறை 'டக்' என்று விரலுக்குக் கேட்டால் காற்று கண்ணாடிக்குப் போகிறது என்று அர்த்தம். கண் சாலையை விட்டு நகரவே வேண்டாம். இங்கே விரலுக்கு எட்டியது வழவழப்பான ஒரே கண்ணாடிப் பரப்பு. எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி இருந்தது. ஆகவே பார்த்துத்தான் தொட வேண்டும். பார்த்தேன். வரைபடம் இருந்தது. கீழே விசிறிப் படம், தொட்டேன். வேறொரு பக்கம் திறந்து இரண்டு சீட்டுகளின் படம் வந்தது. நிமிர்ந்து சாலையைப் பார்த்தேன், மறுபடி குனிந்தேன். பள்ளத்தில் வண்டி குதித்து விரல் வழுக்கி, பாட்டு பாட ஆரம்பித்தது. அதை நிறுத்தினேன். திரைக்கு அடியில் ஒரு கோட்டில் சின்னச் சின்னப் படங்கள். வளைந்த கோடுகள் மேலே போகிற ஒரு கட்டம். தொட்டதும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் முன் கண்ணாடி தெளியவே இல்லை. நான் போட்டது பின் கண்ணாடிக்கு உரியது. செவ்வகமாக இருந்தால் பின் கண்ணாடி, விசிறிபோல் மேலே அகன்றிருந்தால் முன் கண்ணாடி.

"ஏங்க!" என்று மனைவி கத்தினாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் பெரிய புல்கட்டு, தலையில் உர மூட்டைச் சாக்கு. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். இடது மிரர் புல்கட்டில் இடித்து மடங்கியது. சைக்கிளும் அவரும் சாலையோரச் சேற்றில் சாய்ந்தார்கள்.

அப்போது என் வேகம் அறுபது. அந்த வேகத்தில் மூன்று நொடி குனிந்தால் ஐம்பது மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாக அர்த்தம். அந்த ஐம்பது மீட்டருக்குள் அவர் இருந்தார்.

நிறுத்தி ஓடினேன். முழங்கால் உராய்ந்து ரத்தம் கசிந்தது, வேறு அடி இல்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கினார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து நின்று காரின் கண்ணாடியைப் பார்த்தார். "தொடச்சிட்டு ஓட்டு சாமி. உள்ள பெரியவங்க வேற இருக்காங்க" என்றார். ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். புல்கட்டைத் திரும்பக் கட்ட அந்தக் கடைக்காரர்தான் கை கொடுத்தார். நான் மழையில் சும்மா நின்றேன். அதன்பிறகு ஜன்னல்களைப் பாதி இறக்கி, நனைந்துகொண்டே முப்பது கிலோமீட்டர் வேகத்தில் செஞ்சி வரை போனேன். இரு பக்கமும் மலைக்கோட்டைகள் வந்தபோது மழை விட்டிருந்தது. யாரும் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மிரரின் கீறலையும் கதவில் விழுந்த நெளிவையும் பார்த்துவிட்டு, டெபாசிட்டில் பிடிப்போம் என்றார் மேனேஜர். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "உங்க பையன் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல. சாவியக் குடுத்துட்டுப் போயிட்டான். மழையில கண்ணாடி மூடிக்கிச்சு, எத அமுக்கறதுன்னே தெரியல. வயசான அம்மாவ வெச்சுக்கிட்டு என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" வகுப்பில் பேசிப் பழகிய குரல். மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். டெபாசிட்டை முழுசாகத் திருப்பித் தருவதாகவும் பையனிடம் பேசிக்கொள்வதாகவும் சொன்னார். அம்மாவையும் அந்தப் பொய்க்குள் இழுத்தேன் என்பதுதான் இப்போது அதிகம் சுடுகிறது.

மனைவி பக்கத்தில் நின்றாள். வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "கதவுகிட்ட குத்த வெச்சு உக்காந்திருந்தானே அந்தப் பையன்."

அடுத்த சில வாரம் இந்தத் தொடுதிரைகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நான் தேடியது எனக்குச் சாதகமான ஆதாரத்தை. கிடைக்கவும் கிடைத்தது. 2022இல் 'வி பீலேகரே' என்ற ஸ்வீடன் நாட்டுக் கார் இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே நாலு வேலைகளைச் செய்ய வேண்டும். கண்ணாடியில் படியும் ஆவியை நீக்குவதும் அவற்றில் வரும். பட்டன்கள் நிறைந்த 2005ஆம் வருஷத்து வோல்வோ காரில் எல்லாம் பத்தே நொடியில், 306 மீட்டருக்குள் முடிந்தது. திரை வைத்த புதுக் கார்களில் மிகத் தாமதமானதற்கு 44.9 நொடி பிடித்தது. அதற்குள் வண்டி 1,372 மீட்டர் ஓடியிருந்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பும், 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்ற அடிப்படை வேலைகளுக்குத் தனிப் பட்டனோ லீவரோ இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் திரைக்குள் போட்டது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். சாலையைப் பார்க்க வேண்டிய கண்ணை அது பிடுங்குகிறது.

ஆனால் அந்தச் சோதனையைப் பற்றி இன்னொரு வரியும் இருந்தது. ஓட்டுபவர்கள் ஒவ்வொரு காரையும் அதன் திரையையும் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரம் கொடுக்கப்பட்டது. அப்படியும்தான் அத்தனை நொடி ஆனது. எனக்கும் அந்த நேரம் கொடுக்கப்பட்டது.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ உயர்நிலை நீதிமன்றம் 2020இல் கொடுத்த தீர்ப்பையும் படித்தேன். பலத்த மழையில், டெஸ்லா ஓட்டிய ஒருவர் வைப்பர் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும் என்பதைத் திரையில் மாற்றப் போய், சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். 200 யூரோ அபராதம், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. காரை ஓட்டுவதற்குத் தேவையான வேலையைத்தான் செய்தார் என்பது அவருக்கு உதவவில்லை. எதற்காகத் தொட்டாலும் திரை திரைதான், சாலை இடம் கொடுக்கும் அளவுக்கு ஒரு கணம் பார்க்கலாம், அதற்கு மேல் பார்த்தால் பொறுப்பு ஓட்டுநருடையது என்றது நீதிமன்றம். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மழையும் திரையும் தேடிய விரலும் என்னுடையவைபோலவே இருந்தன. மரம் இருந்த இடத்தில் எனக்கு மனிதர் இருந்தார்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஜனவரியில் மகள் அதே கம்பெனியில் கார் எடுத்தாள். வேறொரு ஆள் கொண்டுவந்தார். பழைய பையன் எங்கே என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறாள். "ஒரு கஸ்டமர் கம்ப்ளெயின்ட் குடுத்துட்டார்மா. சம்பளத்துல 2,500 பிடிச்சுட்டாங்க. இப்ப ராத்திரி ஷிஃப்ட்ல வண்டிக்கு சார்ஜ் போடறான்." மகள் இதை என்னிடம் சொல்லும்போது அந்தக் கஸ்டமர் யார் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மேனேஜரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். 5,000 ரூபாயைக் கட்டினேன். பையனுக்குப் பிடித்ததைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டேன். பிறகு பர்ஸில் அந்தச் சீட்டைத் தேடினேன். இருந்தது.

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த கார்களுக்கு நடுவில் அவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். பொய் சொன்னது நான்தான், மன்னித்துவிடு என்றேன். அவன் உடனே "பரவால்ல" என்று சொல்லவில்லை. கையிலிருந்த சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "வீட்ல அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல சார் அப்ப. வேலைய ஒழுங்கா பாக்கலன்னு அவரே நெனச்சுட்டாரு" என்றான். பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை; இன்றும் இல்லை. அவன் அப்பாவிடம் நானே பேசட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, நம்பரைச் சொன்னான்.

கிளம்பும்போது, அன்றைக்கு விட்டதை இப்போது காட்டுவாயா என்று கேட்டேன். ஒரு காரின் கதவைத் திறந்து என்னை உட்காரச் சொன்னான். மஞ்சள் துணியால் திரையைத் துடைத்துவிட்டு, கதவோரம் குத்தவைத்து உட்கார்ந்தான். திரைக்கு அடியில் ஓரத்தில், விசிறிபோல் அகன்ற சின்னப் படத்தின்மேல் விரலை வைத்தான். சில்லென்ற காற்று முன் கண்ணாடியில் அடித்து என் முகத்துக்குத் திரும்பியது.

"மழக்காலத்துல இதத்தான் சார் மொதல்ல காட்டுவேன்."

சைக்கிளோடு வந்தவரின் பேரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. செஞ்சிக்கு முன்னால் அந்த டீக்கடை மட்டும் அடையாளம் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.