எறங்குங்க, திட்டு வருது

என் மாமாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது. மெட்ராஸில் செய்த வண்டி என்பதில் அவருக்குத் தீராத பெருமை. "அம்பாசிடர் கல்கத்தாக்காரன் வண்டிடா, இது நம்ம வண்டி" என்பார். ரெண்டே கதவு, பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, ஆச்சியை முதலில் ஏற்றி, அவள் மடியில் தூக்குச்சட்டியை வைத்து, அப்புறம்தான் நாங்கள். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் பிளந்த மாதிரி முன்னால் சாயும். மாமா முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, துண்டைத் தலையில் கட்டி, எஞ்சினை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருப்பார். மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்த அந்த வாசனை அவருடைய சட்டையில் எப்போதும் இருக்கும். பருத்தி மண்டியிலிருந்து வந்தாலும் சரி, கல்யாண வீட்டிலிருந்து வந்தாலும் சரி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வாசனைதான்.

கோவில்பட்டித் தார் ரோட்டில் ஹெரால்டு ராஜா. கஷ்டமெல்லாம் பங்குனி உத்திரத்தன்றுதான். அன்றைக்குக் கும்பிடப் போகும் எங்கள் சாஸ்தா எட்டயபுரத்துக்குக் கிழக்கே, கரிசக்காட்டுக்கு நடுவில் இருந்தார். தாரை விட்டு இறங்கியதும் வெறும் வண்டிப்பாதை. கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி உப்பி, கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயில் ஏறினால் சுருங்கி, கை நுழையும் அகலத்துக்கு வெடித்துக்கிடக்கும். மழைக்காலத்தில் மாட்டுவண்டிகளின் இரும்புப்பட்டை அறுத்துக்கொண்டு போன தடம் ரெண்டும், பங்குனி வெயிலில் அப்படியே இறுகிக் கல்லாகி நிற்கும். தடம் ரெண்டுக்கும் நடுவே புல் முளைத்த ஒரு திட்டு. மாட்டுவண்டிக்கு அந்தத் திட்டு ஒரு பொருட்டே இல்லை. ஆளுயரச் சக்கரம், அச்சு எங்கேயோ மேலே இருக்கும். ஹெரால்டுக்கோ 13 அங்குலச் சக்கரம். அதன் வயிறு நேராகத் திட்டில் வந்து உட்காரும்.

போதாக்குறைக்கு, மாட்டுவண்டித் தடம் அகலம், காரின் சக்கர இடைவெளியோ நாலே அடி. தடத்துக்குள் இறங்கினால் ஒரு பக்கம் பள்ளத்திலும் மறுபக்கம் திட்டிலுமாகக் கார் சாய்ந்துகொண்டு போகும். உள்ளே நாங்கள் எல்லோரும் ஆச்சி மேல் சரிவோம். அதனால் மாமா தடத்தில் இறங்கவே மாட்டார். இடது சக்கரம் திட்டின் முதுகில், வலது சக்கரம் தடத்துக்கு வெளியே பாதையின் விளிம்பில், பள்ளம் நடுவயிற்றுக்கு அடியில் என்று ஓட்டுவார். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டே போகும். ஓடை குறுக்கிட்டால் நேராக விடமாட்டார். கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் இறங்கி, அது நிலைகொண்டபின் அடுத்த சக்கரம் என்று இறக்குவார். "பள்ளத்துல எறங்குறப்போ பிரேக்கைத் தொடக்கூடாது, மூக்கு குத்திரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இதெல்லாம் அவருக்கு யார் சொல்லிக்கொடுத்ததோ, இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

அப்படி ஓட்ட வழியில்லாத இடத்தில் வரும் அந்தக் குரல்: "எறங்குங்க, திட்டு வருது!"

இறங்குவது சும்மா சடங்குக்கு இல்லை. ஹெரால்டில் பின்னால் ஆள் ஏறினால் பின் சக்கரம் ரெண்டும் மேலே உள்வாங்கி, அடியில் விரிந்து, வண்டி இன்னும் பதிந்துவிடும். நாங்கள் இறங்கியதும் பின்புறம் ஒரு பெருமூச்சோடு எழும்பும். ஆச்சி மட்டும் இறங்கமாட்டாள். அவளும் அந்தத் தூக்குச்சட்டியும் எடையே இல்லை என்பது அவள் கட்சி. அத்தை பூஜைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடப்பாள். ரெண்டு பக்கமும் பருத்திமார் காய்ந்து நிற்கும். காட்டுக்குள் மிளகாய் வத்தல் பரத்திக் காயும். காற்று திரும்பினால் வரிசையாக எல்லோருக்கும் தும்மல். எங்கோ ஒரு செம்போத்து கூவும்.

எனக்கு அங்கே ஒரு உத்தியோகம் இருந்தது. வண்டிக்கு முன்னால் ஓடி, முட்டி போட்டு, கன்னத்தை மண்ணில் ஒட்டிக்கொண்டு அடியில் பார்த்துச் சொல்ல வேண்டும். அடியில் இன்னொரு உலகம் தெரியும்: கறுத்த ஆயில் சம்ப், துருவேறிய சைலன்சர் குழாய், அதில் சிக்கிய போன வருஷத்துப் புல், அப்பால் வெளிச்சத்தில் அத்தையின் கால் மெட்டி. "ரெண்டு விரக்கடை இருக்கு மாமா, வாங்க!" "வலதுல ஒடிங்க!" அந்தக் கார் என் வார்த்தையில்தான் நகர்கிறது என்று எனக்கு நிச்சயம். முகமெல்லாம் கரிசல் புழுதியோடு சாமி முன்னால் போய் நின்றபோது கூட நான் அதைத் துடைக்கவில்லை.

அப்படியும் சில சமயம் இடித்துவிடும். மாமா சத்தத்தை வைத்தே சொல்லுவார். 'சர்ர்' என்றால் மண், போகலாம். 'ணங்' என்றால் கல். உடனே நிறுத்தி இறங்குவார். டிக்கியில் ஒரு மம்பட்டி, ரெண்டு சாக்கு, ஒரு டின் ஆயில், கட்டுக்கம்பி, அரைக்கட்டி 501 சோப்பு தயாராக இருக்கும். மம்பட்டியால் திட்டைச் செதுக்குவார். கழன்ற சைலன்சரைக் கம்பியால் தூக்கிக் கட்டுவார். சம்பில் ஆயில் கசிந்தால் சோப்பைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கசிகிற இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி அப்புவார். அது ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். அன்று சாயங்காலம் அவர் கையால் வாங்கிய சர்க்கரைப் பொங்கலில் லேசாகச் சோப்பு மணக்கும். நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை.

பகலைவிட ராத்திரியில் அந்தப் பாதையை ஓட்டுவது சுலபம் என்பார் மாமா. உச்சிவெயிலில் மேடும் பள்ளமும் ஒரே நிறமாகத் தெரியும். ஹெட்லைட் வெளிச்சம் தாழ்வாகப் போய் விழுவதால் ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு நிழல் எழுந்து நிற்கும், பள்ளம் மை பூசினது போல் கறுத்துத் தெரியும். நானும் முன் சீட்டு இடுக்கில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் கோவிலில் நேரமாகிவிட்டால் அவர் வந்த வழியே திரும்பமாட்டார். மறுபக்கம் விளாத்திகுளத்துக்கு ஒரு சரள் ரோடு உண்டு, சுத்துவழி. ஒருதரம் பின் சீட்டில் பிள்ளைகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து தூங்க, நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முழித்திருந்தேன். திட்டு உரசும் சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தால் வரவே இல்லை. சரள்தான் தரையில் படபடவென்று அடித்தது.

"இந்த வழியா போனா எம்புட்டுப் பெட்ரோல்?" என்றாள் அத்தை.

"அதுக்காக, தூங்குற பிள்ளைகளை எழுப்பி நடக்கவிடச் சொல்றியா?" என்றார் மாமா.