யார் செய்த பாவம்?



ஹம்பேர்க்கில் இதயக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளின் தாய்மார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "நான் என்ன பாவம் செய்தேன், சுவாமி?" இதற்கு ஆறுதல்மொழி மட்டும் போதாது. அறிவியல் கண்டறிந்த உண்மையையும் அவர்களுக்குச் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.

அவ்வுண்மையில் பெரும்பங்கை நமக்குக் கற்பித்தது, கங்கைச் சமவெளியின் ஓடைகளுக்குரிய வரிக்குதிரை மீன். அதன் கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போன்ற தெளிவுடன் வளர்வது. 1996இல் டியூபிங்கன் நகரில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் அம்மையாரின் குழுவினர், இம்மீன் கருவின் வளர்ச்சியைப் பிறழச் செய்யும் நூற்றுக்கணக்கான மரபணுத் திரிபுகளை வெளியிட்டனர்.

கருவுற்ற சில மணி நேரத்தில், உயிரணுக்கள் மஞ்சட்கருவின்மேல் தொப்பிபோல் கவிந்திருக்கும். எது இதயமாகும், எது தோலாகும் என்பது அப்போது முடிவாகியிருப்பதில்லை. மஞ்சட்கருவை ஒட்டிய விளிம்பில் 'நோடல்' என்னும் புரதம் சுரந்து அயலணுக்களை எட்டுகிறது. அதை மிகுதியாகப் பெற்ற அணுக்கள் அகப்படையாகிக் குடலையும் ஈரலையும் தருகின்றன. அடுத்த நிலையில் பெற்றவை இடைப்படையாகி இதயத்தையும் குருதியையும் தசையையும் தருகின்றன. எட்டாத் தொலைவில் இருப்பவை புறப்படையாகித் தோலும் மூளையும் ஆகின்றன. 'லெஃப்டி' என்னும் மற்றொரு புரதம் நோடலுக்குக் கடிவாளம் இடுகிறது. நோடல் முற்றும் இல்லையேல் குடலும் இதயமும் உருவாவதில்லை; கடிவாளம் இல்லையேல் மிகுதியே கருவை அழிக்கிறது. பின்னர் இதயம் இடம் வலம் அறிந்து அமைவதற்கும் இதே நோடல் வழிகாட்டுகிறது.

நம் உடலிலும் நோடல் உண்டு. இதயக் குறைபாடுள்ள பிள்ளைகள் சிலரிடம் இச்சமிக்ஞை வழியின் மரபணுத் திரிபுகள் காணப்பட்டுள்ளன. மனிதக் கருவில் மூன்று படைகளும் உருவாவது மூன்றாம் வாரத்தில். தான் கருவுற்றிருப்பதையே பல தாய்மார் அறியாத காலம் அது! அந்த மௌனத்தில் நிகழ்ந்ததற்குத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வகை நீதி?

1683 முதல் 1685 வரை இந்நகரில் மறைப்பணி ஆற்றிய ஆயர், அருளாளர் நீல்ஸ் ஸ்டென்சன், அதற்கு முன் புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞராய் விளங்கினார். பாரிஸில் அவர் குறைபாடுள்ள ஒரு சிசுவின் இதயத்தை ஆய்ந்து, குருதி ஓடிய வழியை விவரித்து எழுதினார். 1888இல் ஃபலோ விளக்கிய நான்மடி இதயக் குறைபாட்டின் முதல் விவரிப்பாக அது இன்று மதிக்கப்படுகிறது.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்களும், யார் செய்த பாவம் என்றே கேட்டனர். அவருடையதும் அன்று, பெற்றோருடையதும் அன்று என்பதே ஆண்டவரின் விடை என யோவான் நற்செய்தி சொல்கிறது.

ஆதலால், இத்தகைய வீடுகளுக்குச் செல்வோர் காரணம் தேடிச் செல்லாதீர்கள். ஒருவேளைச் சோற்றைச் சமைத்துக் கொண்டு செல்லுங்கள். தாய் மருத்துவமனையில் இருக்கும் நாளில் மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வாருங்கள். அத்தாய்க்கு இன்று தேவை அயலாரே.

இறையாசீர் உங்களோடு.