மிஞ்சிய மரம்

வெட்டப்படும்போது ஒருமுறை வீழும் மரம், தன்னைத் தாங்கிய வீடு இடிக்கப்படும்போது மீண்டும் ஒருமுறை வீழ்கிறது. அதன்பின் அது அடுப்பிற்குச் செல்வதும் மற்றொரு வீட்டின் சுவரை அணிசெய்வதும் அதனைக் கையில் எடுப்பவரின் பார்வையைப் பொறுத்தவை. இதனைக் கண்கூடாகக் காட்டும் ஊர் காரைக்குடி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கடல்கடந்து வணிகம் செய்த நகரத்தார், செட்டிநாட்டு ஊர்களில் பெருவீடுகளை எழுப்பினர். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, அவ்வீடுகளில் தூணாகவும் போதிகையாகவும் உத்திரமாகவும் நிலையாகவும் உருப்பெற்றது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்த வணிகம் நிலைகுலைந்தது. காலப்போக்கில் வீடுகள் வாரிசுகள் பலருக்குப் பங்காயின. பேணும் செலவைத் தாங்க இயலாமல் சில இடிக்கப்பட்டன. அவற்றின் பகுதிகளே முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை வந்தடைந்தன.

முழுக் கதவையும் முழுத் தூணையும் வாங்கப் பலர் இருக்கின்றனர். முறிந்த சன்னல் சட்டத்தையும், ஒரு பாதி கறையான் அரித்த நிலையையும், இணையை இழந்த போதிகையையும் எவரும் விரும்பிக் கேட்பதில்லை. தேர்ந்த தச்சரின் கைக்கு வேலை கொடுப்பவை இவைதாம். சட்டம் முகம்பார்க்கும் கண்ணாடிக்கு வரம்பாகிறது. நிலைத்துண்டு சாவி மாட்டும் பலகையாகிறது. கடைந்த சன்னல் கம்பு விளக்குத் தண்டாகிறது. சுவரில் பொருத்திய போதிகை ஒரு புத்தகத் தட்டைத் தாங்குகிறது. உத்திரத்தைத் தாங்கிய அதன் தொழில், அளவில் சிறுத்தாலும் தன்மையில் மாறவில்லை.

துண்டு மரத்தோடு பணியாற்றுவதற்குப் பொறுமை வேண்டும். முதலில் பழைய ஆணிகளைத் தேடி எடுக்க வேண்டும். மறைந்திருக்கும் ஓர் ஆணி, வாளின் பல்லையும் இழைப்புளியின் வாயையும் கெடுத்துவிடும். அடுத்து, வைரம் பாய்ந்த பகுதியைப் பிரித்தறிய வேண்டும். அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது. தேக்கின் வைரப் பகுதியில் ஊறியுள்ள இயற்கை எண்ணெய் கறையானை எதிர்க்கும். வெளுத்த புறப்பகுதிக்கு அவ்வலிமை இல்லை. பச்சைமரம் உலரும்போது சுருங்கும், திருகும். பல்லாண்டு உலர்ந்த துண்டில் அவ்வச்சம் குறைவு. இழையோட்டத்தோடு இழைத்தால் மெருகு ஏறும். எதிர்த்து இழைத்தால் சிராய் எழும். துண்டு சிறியது என்பதால் அளவில் பிழை நேர்ந்தால் மாற்றுக்கு வழியில்லை.

எனினும், இங்கு ஒரு கேள்வி எழாமல் இல்லை. பழமரத்திற்கு நல்ல விலை கிடைப்பதே நிற்கும் வீட்டை இடிப்பதற்குத் தூண்டுதல் ஆகாதா? செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தகைய வீட்டில் தூண், முற்றம், வளவு ஆகியவை ஒன்றையொன்று சார்ந்து பொருள் தருகின்றன. தனியே பெயர்த்தெடுத்த தூண் அழகாக இருக்கலாம். அது நின்ற வீட்டின் வாழ்க்கைமுறையை அதனால் சொல்ல இயலாது.

ஆகவே, மறுபயன்பாட்டிற்கும் ஒரு வரிசைமுறை உண்டு. வீட்டை வீடாகக் காப்பது முதல் கடமை. அது இயலாதபோது கதவைக் கதவாகவும் தூணைத் தூணாகவும் வேறோர் இல்லத்தில் நிறுத்துவது அடுத்தது. அதற்கும் உதவாமல் மிஞ்சியதை அணிபொருளாக்குவது மூன்றாவது. அடுப்பு இறுதியிலேயே வர வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. எரித்தால் அது கரியமிலவாயுவாகக் காற்றில் கலக்கும், பயன்பாட்டில் வைத்தால் மரத்திலேயே தங்கியிருக்கும்.

இவ்வரிசை காரைக்குடிக்கு மட்டும் உரியதன்று. எந்த ஊர்த் தச்சுப்பட்டறையின் மூலையிலும் துண்டு மரங்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து, இழையோட்டம் பார்த்து, இது இன்னும் எதைத் தாங்கும் என்று எண்ணிப் பார்ப்பதிலிருந்து அந்த வேலை தொடங்குகிறது.