எழுந்திருக்காத கதாநாயகி

என் நாவல்களைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. கெடுத்தது ஒரே ஒரு விமர்சனந்தான். அதைச் சொன்னவள் எழுதப் படிக்கத் தெரியாத என் சித்தி.

சித்தி சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் இருக்கிறாள். பன்னிரண்டு வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள். ஆபீஸ் என்றதும் மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று கற்பனை செய்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்யும் ஆலைக்கு அதுதான் பெயர். தரையில் உட்கார்ந்து, குச்சிகளைச் சட்டத்தில் வரிசை பிடித்து அடுக்க வேண்டும். அடுக்கிய கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் நான் ஒரு நாவலில் கதாநாயகியாக்கியிருந்தேன். அதைப் பேத்தி வாசிக்க, சித்தி நாலு இரவு உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

"ஏய்யா, எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா அந்தப் பிள்ளை காலையில உக்காந்தவ, பொழுது சாயிற வரைக்கும் ஒன்னுக்குப் போக ஒரு தடவைகூட எந்திரிக்கலையே! எங்களை மாதிரியேதான் இருக்கா."

புகழ்ச்சியா, குற்றச்சாட்டா என்று எனக்குப் புரியவில்லை. நான் அதை யோசித்து எழுதவில்லை என்பதுதான் உண்மை. கதாநாயகிகள் அழுவார்கள், மயங்கி விழுவார்கள். இதற்கெல்லாம் எந்த எழுத்தாளன் அவர்களை எழுப்பி அனுப்புகிறான்?

"போறதுக்கு எடம் எங்க இருந்துச்சு? கருவேலங்காட்டுக்குத்தான் போகணும். ஆம்பளைங்க நடமாட்டம் வேற. எந்திரிச்சா ரெண்டு கட்டைக் கூலி போச்சு. அதனால காலையில ஒரு வாய் காப்பியோட சரி, தண்ணியே குடிக்க மாட்டோம்."

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தொழிலாளி ஆலையில் இருக்கும் நேரமெல்லாம் போய்வரக்கூடிய கழிப்பிடம் இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்தப் பிரிவு சித்தியின் கருவேலங்காட்டுக்கு வந்து சேரவில்லை.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வெளியே வந்தது. நாலு வருஷமாக அவளுக்கு அரை மணிக்கு ஒரு முறை போக வேண்டியிருக்கிறது. போனால் கொஞ்சந்தான், ஆனால் அடிவயிற்றில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல். பஸ் பயணத்துக்குப் பயந்து இருக்கன்குடித் திருவிழாவுக்குக்கூடப் போவதில்லை. பெற்ற மகளிடமும் சொல்லவில்லை. இப்போது வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறது. உடம்புக்குத்தான் அது தெரியவில்லை.

மதுரைக்கு அழைத்துப் போனேன். ஒரு பெண் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை உட்காரவைத்து, ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார். புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன்.

சிறுநீர்ப்பை கொள்வது ஏறத்தாழ அரை லிட்டர். நூற்றைம்பது, இருநூறு மில்லி சேர்ந்ததுமே பையின் சுவர் விரிந்து, நரம்பு வழியாக முதுகுத் தண்டின் அடிப்பகுதிக்குச் செய்தி போகிறது, அங்கிருந்து மூளைக்கு. மூளையின் தண்டில் இதற்கென்று ஒரு நிலையம் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த பாரிங்டன் 1925-இல் பூனைகளை ஆராய்ந்து அதைக் காட்டினார். பை சுருங்கவும் வாசல் திறக்கவும் ஒரே சமயத்தில் உத்தரவு போடுவது அந்த நிலையம். ஆனால் மேலே முன்மூளை இருக்கிறதே, அது 'இப்போது வேண்டாம், மனிதர்கள் இருக்கிறார்கள்' என்று தடுத்து நிறுத்திவிடும். மானம் என்று நாம் சொல்வதற்கு உடம்பில் ஓர் இடம் உண்டென்றால் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பை நிறைந்ததைச் சொல்வது ஒருவகை நரம்பு. அதனோடு வேறொரு வகை நரம்பும் பையின் சுவரில் ஓடுகிறது. மிக மெல்லிய இழை. சாதாரண நாளில் அது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி, கிருமி சேர்ந்து பையின் உட்புறம் திரும்பத் திரும்பப் புண்ணாகும்போது அது விழித்துக்கொள்கிறது. பிறகு கால் பங்கு நிறைந்தாலே கூச்சல் போடும். அதன் பாஷை வலிதான்.

சித்தி மிளகாய் என்று சொன்னது வெறும் உவமை இல்லையாம். மிளகாயின் காரம் எந்தக் கதவைத் தட்டி எரிச்சலை உண்டாக்குகிறது என்பதை 1997-இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். சுடுநீர் பட்டாலும் திறப்பது அதே கதவுதான். சிறுநீர்ப்பையின் அந்த மெல்லிய இழைகளிலும் அது இருக்கிறது! விருதுநகர்ச் சந்தையில் வற்றல் நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தவன் நான். எனக்கு இது தெரிந்ததே இல்லை. விரிவதையும் அழுத்தத்தையும் உணரும் வேறொரு கதவைக் கண்டவர் அர்டெம் படபூட்டியன். இருவருக்குமாக 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த இரண்டாவது கதவு பிறவியிலேயே பழுதானவர்கள் சிலர் உலகத்தில் இருக்கிறார்கள். பை நிறைந்தது அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை; கடிகாரத்தைப் பார்த்துத்தான் போகிறார்கள் என்று 2020-இல் எழுதியிருக்கிறார்கள்.

"அந்தக் காலத்தில் அடக்கியதால்தான் இப்படி ஆயிற்றா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"அது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வயசு இருக்கு, பிரசவங்கள் இருக்கு. ஆனா அந்தப் பழக்கம் நல்லது பண்ணியிருக்காது" என்றார் அவர்.

கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் உட்காரவும் ஒன்றுக்குப் போகவும் உரிமை கேட்டுப் போராடி, 2018-இல் கேரளத்தில் சட்டத்தைத் திருத்த வைத்த செய்தியைத் திரும்பும் வழியில் சித்தியிடம் சொன்னேன். "இதுக்குக்கூடவா ஊர்வலம் போனாங்க?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் திருமங்கலம் தாண்டும்வரை பேசவில்லை.

கிருமிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். கூடவே ஒரு பயிற்சி. தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும். நினைத்தபோது ஓடாமல், மணி பார்த்துப் போக வேண்டும். முதலில் முக்கால் மணிக்கு ஒரு தடவை, பிறகு ஒரு மணி, பிறகு ஒன்றேகால் என்று மெல்ல மெல்லப் பையைப் பழக்க வேண்டும்.

சென்ற மாதம் போனபோது வாசல் திண்ணையில் சுவர்க் கடிகாரம் தெரியும்படி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். முகத்தில் அந்தப் பழைய சுளிப்பு.

"போயிட்டு வா சித்தி, நான் இருக்கேன்."

"இன்னும் அஞ்சு நிமிசம் கெடக்குய்யா" என்றாள். செம்பை எடுத்து அண்ணாந்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.